கரையில் சோதனை, நடுக்கடலில் சரக்கு!



வலை, துடுப்பு மாதிரி இப்போ செல்போனும் படகில் ஏறிவிட்டது. அலை எவ்வளவு உயரம், காற்று எவ்வளவு வேகம் என்று பார்க்க 'ஃபிஷர் ஃப்ரெண்ட்' என்ற செயலி இருக்கிறது. சென்னையில் உள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மீனவர்களுக்காக உருவாக்கியது. கடல் தகவல்களை ஹைதராபாத்தில் உள்ள 'இன்காய்ஸ்' நிறுவனம் தருகிறது.

இப்படி ஒரு செயலி நம் போனுக்கு வருவதற்கு முன்னால் அதை யாராவது சோதிக்க வேண்டாமா? ஆண்ட்ராய்டு போனுக்கு கூகுள் பிளே ஸ்டோரும், ஐபோனுக்கு ஆப்பிள் ஆப் ஸ்டோரும் சோதனை செய்கின்றன.

ஆனால் ஒரு கேள்வி. கரையில் படகைச் சோதித்து அனுப்புகிறார்கள். நடுக்கடலுக்குப் போனதும் வேறு சரக்கை ஏற்றிக்கொண்டால்? கரையில் செய்த சோதனை வீண்தானே!

செயலியிலும் இந்தத் தந்திரம் உண்டு. சோதனையின்போது நல்ல பிள்ளையாக இருக்கும். போனுக்குள் வந்தபின் எங்கோ இருக்கும் சர்வரிலிருந்து புது நிரலை, அதாவது கட்டளைகளை, இறக்கிக்கொள்ளும்.

இதைத் தடுக்கத்தான் விதி. பிளே ஸ்டோரில் உள்ள செயலி, பிளே ஸ்டோர் வழியாக மட்டுமே தன்னைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். இயங்கும் நிரலை வெளியிலிருந்து இறக்கக் கூடாது. ஆப்பிளின் 2.5.2 எண் விதியும் கிட்டத்தட்ட இதையே சொல்கிறது.

அப்படியென்றால் தினமும் அலை உயரம் மாறி வருகிறதே, அது தப்பா? தப்பில்லை. அது வெறும் தகவல். "அலை 2 மீட்டர்" என்பது தகவல், "இந்தப் போனில் வரும் எஸ்.எம்.எஸ்.ஸைப் படி" என்பது கட்டளை. இணையப் பக்கங்களில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் போன்றவற்றுக்குச் சில நிபந்தனைகளோடு அனுமதியும் உண்டு.

விதி ஏன் தேவை என்பதற்கு 'ஜோக்கர்' ஒரு சாட்சி. சாதாரண செயலி போல வேஷம் போட்டு வரும் திருட்டு நிரல் அது. உள்ளே வந்தபின் மீதி நிரலை இறக்கும். நமக்குத் தெரியாமலே கட்டணச் சேவைகளில் சேர்த்துவிட்டுக் காசைக் கறக்கும். 2017 முதல் இந்த வகையில் சுமார் 1,700 செயலிகளை நீக்கியதாக 2020 ஜனவரியில் கூகுள் அறிவித்தது.

விதி இருந்தும் சில தப்பி வந்துவிடுகின்றன. ஸ்டோருக்கு வெளியே, வாட்ஸ்அப்பில் வரும் 'ஏ.பி.கே.' ஃபைலுக்கோ அந்தச் சோதனைகூடக் கிடையாது. இறால், நண்டு விற்ற காசு இன்று போனிலேயே வருகிறது. அதனால் நாம் வீட்டில் சொல்ல வேண்டியவை:

1. வாட்ஸ்அப்பில் வரும் ஏ.பி.கே.யைத் தொடாதீங்க.
2. டார்ச் லைட் செயலி எஸ்.எம்.எஸ். படிக்க அனுமதி கேட்டால், "எதுக்கு?" என்று யோசிங்க.
3. பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு போன் பண்ணுங்க.

வீட்டில் பெரியவர்களுக்கு வானம் பார்த்துக் காற்றைச் சொல்லத் தெரியும். போனைப் பார்த்து ஆபத்தைச் சொல்வது நம்ம வேலை!

– 9-ஆம் வகுப்பு மாணவர் குழு