இலவசம் எனப்படும் கருத்தடையின் விலை

பொன்னமராவதி வட்டத்தில் வயற்கூலிக்குச் செல்லும் தலித் பெண் ஒருவர், முதற்பிள்ளைக்கும் அடுத்ததற்கும் இடையே மூன்றாண்டு இடைவெளி வேண்டுமென விரும்பினால் என்ன செலவாகும்? அரசின் விடை: ஒன்றுமில்லை. ஆணுறை, மாலா-என் மாத்திரை, காப்பர்-டி, 2017 இல் அறிமுகமான அந்தரா ஊசி எல்லாமே அரசு மருத்துவமனைகளில் இலவசம். ஆனால் அந்தரா மூன்று மாதங்களுக்கொருமுறை போட வேண்டிய ஊசி. நகரப் பேருந்தில் கட்டணமில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போகிறது. அவசரக் கருத்தடை மாத்திரையை மருந்துச்சீட்டின்றி விற்க 2005 இலேயே மத்திய அரசு அனுமதித்தது. அதை 72 மணி நேரத்துக்குள் உட்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டு மருந்துக்கடைகளிலோ பெரும்பாலும் அது கிடைப்பதே இல்லை.

எளிதில் கிடைப்பது ஒன்றே: நிரந்தரக் குடும்பநல அறுவை சிகிச்சை. அதற்குப் பணமும் தருகிறார்கள். மத்திய அரசின் 2007 ஆம் ஆண்டு இழப்பீட்டு விதிப்படி, தமிழ்நாடு போன்ற மாநிலங்களில் கருத்தடை செய்துகொள்ளும் பட்டியல் சாதி, பழங்குடிப் பெண்களுக்கும் வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளோருக்கும் 600 ரூபாய். ஏனைய பெண்களுக்கு 250 ரூபாய். இது சலுகையா, யாருடைய கருப்பையை மூட அரசு கூடுதலாகச் செலவிட விரும்புகிறது என்பதன் கணக்கா? ஆணுக்கான அறுவை சிகிச்சை இதைவிட எளிது, தொகையும் 1,100 ரூபாய். இருந்தும் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் பெண் கருத்தடை 37.9 விழுக்காடு, ஆண் கருத்தடை 0.3 விழுக்காடு.

காப்பீடு கைகொடுக்குமா? காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019 இல் வகுத்த பொது விலக்குப் பட்டியலில் 'எவ்வகைக் கருத்தடையும்' என்றே எழுதப்பட்டுள்ளது. தனியார் நிறுவனங்கள் அதைக் காட்டிச் செலவை மறுக்கலாம். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டமோ மருத்துவமனையில் படுத்துப் பெறும் சிகிச்சைக்கானது. மாத்திரைக்கும் ஊசிக்கும் அங்கு இடமில்லை. கருவுறுவதா வேண்டாமா என்னும் தெரிவு அரசமைப்பின் 21 ஆம் உறுப்பில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2009 இல் சுசிதா ஸ்ரீவத்சவா வழக்கில் கூறியது. அந்தத் தெரிவுக்கான செலவை எந்தக் காப்பீடும் ஏற்கவில்லை.

ஏற்பது ஒன்றுண்டு: அறுவை சிகிச்சை பிழைத்த பிறகான இழப்பீடு. ராமகாந்த் ராய் வழக்கின் விளைவாக 2005 இல் தொடங்கிய திட்டம் இது. 2013 முதல் மாநிலங்களே நடத்துகின்றன. பிலாஸ்பூர் முகாமில் 2014 இல் பெண்கள் மாண்டதையும் விசாரித்த தேவிகா பிஸ்வாஸ் தீர்ப்புக்குப் (2016) பின் தொகை இரட்டிப்பானது: கருத்தடை தோற்றால் 60,000 ரூபாய், ஏழு நாட்களுக்குள் மரணம் நேர்ந்தால் 4 லட்சம்.

வழக்காட விரும்புவோருக்கு ஓர் எச்சரிக்கை. 2000 இல் சாந்த்ரா வழக்கில் கூலிப்பெண் ஒருவருக்கு இழப்பீடு கிடைத்தது, மருத்துவரின் அலட்சியம் மெய்ப்பிக்கப்பட்டதால். தோல்வி மட்டுமே அலட்சியத்துக்குச் சான்றாகாது என 2005 இல் சிவ் ராம் வழக்கு வரையறுத்தது. இழப்பீட்டுத் திட்டத்தில் அந்த மெய்ப்பிப்புச் சுமை இல்லை. ஆனால் தோல்வி தெரிந்த 90 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்; கருத்தடைச் சான்றிதழும் ஒப்புதல் படிவமும் வேண்டும். ஊர்களுக்குச் செல்லும் மாணவர்கள், அறுவை சிகிச்சை செய்துகொண்ட பெண்களிடம் இவ்விரு தாள்களும் உள்ளனவா, ஒப்புதல் படிவம் தமிழில் விளக்கப்பட்டதா என்று முதலில் கேளுங்கள்.