பக்கத்திலேயே ஓடை, பாய்ச்ச முடியாது!

வாங்கிய வீட்டின் கொல்லையிலேயே ஒரு ஓடை சலசலவென ஓடுகிறது. அதில் பம்பு வைத்துத் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சலாமா, நேயர்களே?

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், கிராமப்பக்கம் வீடு வாங்குகிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. தண்ணீர் உரிமை கையில் இல்லையென்றால், பாய்ச்சக் கூடாது! அங்கே நிலம் வேறு, நீர் வேறு. நிலத்தை விற்றவர் தண்ணீர் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொள்ளலாம். அதற்கு முன்பே வேறொருவருக்குத் தனியாக விற்றும் இருக்கலாம். அதனால் பத்திரத்தில் தண்ணீரைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிடக் கூடாது.

தங்கம் தேடி வந்தவர்கள் காலத்து வழக்கம் இது. ஓடை நீரை முதலில் எடுத்துப் பயன்படுத்தியவருக்கே முதல் உரிமை. 1876-இல் மாநில அரசியல் சட்டத்திலேயே இதை எழுதிவிட்டார்கள். மழை பொய்த்த கோடையில், கீழே எங்கோ இருக்கும் பழைய உரிமைக்காரரின் வயலுக்குத் தண்ணீர் போய்ச் சேர வேண்டும் என்றால், மேலே இருக்கும் புதியவர் தன் மதகை மூடித்தான் ஆக வேண்டும். அவர் மூடாவிட்டால், மூடச் சொல்லி அரசின் நீர் அதிகாரியே வந்து நிற்பார்!