வெளிச்சமே வில்லன்

ஒளி பட்டால் கெட்டுப்போகும் புரதத்தை ஒளியாலேயே அளக்க வேண்டும். கைகொடுக்கிறது கண்ணாடி இழை.

பார்க்க வெளிச்சம் வேண்டும். ஆனால் பார்க்க வேண்டிய பொருளை அந்த வெளிச்சமே அழித்துவிட்டால்? விழித்திரையில் உள்ள ரோடாப்சினை ஆராய்பவர்களுக்கு இதுதான் தினசரித் தலைவலி. மங்கிய இரவிலும் நம்மைப் பார்க்க வைப்பது ஊதா கலந்த இந்தச் சிவப்புப் புரதம்தான். அது உறிஞ்சும் ஒவ்வொரு மூன்று ஃபோட்டான்களில் சுமார் இரண்டு, தலா ஒரு மூலக்கூறின் வடிவத்தை மாற்றிவிடுகின்றன. சிவப்பு வெளுத்து மஞ்சளாகிறது. சோதனைக் குழாயில் அது தானாகப் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை.

எனவே மாட்டுக் கண்ணிலிருந்து அதைப் பிரித்தெடுக்கும் வேலை இருட்டறையில், மங்கலான சிவப்பு விளக்கில், ஐஸ் மீது வைத்து நடக்கிறது. அடுத்து, அது எந்த அலைநீள ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளக்க வேண்டும். சிக்கல் அங்கேதான்.

இழை வந்தபின் விளக்கும் கருவியும் வெளியே போய்விட்டன. இருட்டுப் பெட்டிக்குள் நுழைவது ஒரு மெல்லிய குழாய் மட்டுமே. அதில் பெரும்பாலும் ஏழு இழைகள். சுற்றியுள்ள ஆறும் ஒளியைக் கொண்டு செல்கின்றன. நடுவில் இருப்பது திரும்பும் ஒளியை வாங்கி வருகிறது. விளக்கின் சூடு மாதிரியைத் தொடுவதில்லை. ஷட்டர் திறந்து மூடும் சில மில்லி விநாடிகளில் முழு நிறமாலையும் பதிவாகிவிடுகிறது. இழைக் கற்றை வழியே பிம்பத்தை அனுப்ப முடியும் என்று 1954ல் லண்டனில் ஹரால்ட் ஹாப்கின்ஸுடன் சேர்ந்து காட்டியவர், பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானி.

ஆனால் இழை ஒன்றும் மந்திரக்கோல் அல்ல. அதன் முனையில் ஒளி சிறிய இடத்தில் குவிவதால் அந்த இடம் சீக்கிரமே வெளுக்கக்கூடும். அதனால் ஒரே மாதிரியை அடுத்தடுத்து அளந்து பார்க்கிறார்கள். 498 நானோமீட்டரில் உள்ள மேடு சரிந்து, 380 அருகே புதிதாக ஒன்று எழுந்தால், கெடுத்தது அளவீடுதான் என்று அர்த்தம். ஒளியைக் குறைத்து, புது மாதிரியுடன் மறுபடியும் தொடங்க வேண்டும்.

இவ்வளவு கவனத்துக்குக் காரணம் இருக்கிறது. ரோடாப்சின் மரபணுவில் ஏற்படும் கோளாறுகள் ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா நோய்க்கு ஒரு காரணம். முதலில் இரவுப் பார்வை மங்கும். பிறகு பார்வை வட்டம் ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வரும். கோளாறான புரதத்தைச் சோதிக்கும்போது, பழுது புரதத்திலா, அளந்தவரின் விளக்கிலா என்று பிரித்தறியாவிட்டால் சிகிச்சைக்கான தேடலே தடம் மாறிப்போகும்.