பனி தேசத்துத் தாய்மார்கள்

நிறைமாதம். வலி எப்போது எடுக்குமோ என்று வீடே காத்திருக்கும் நேரம். அப்போது உங்களைத் தன்னந்தனியாக விமானத்தில் ஏற்றி, பாஷை தெரியாத ஊருக்கு அனுப்பிவிட்டால் எப்படி இருக்கும்? பக்கத்தில் அம்மா இல்லை, கணவர் இல்லை. மூத்த குழந்தையோ வீட்டில் அழுதுகொண்டிருக்கிறது!

கனடாவின் வடகோடியில் வாழும் இனுயிட் பெண்கள் பல வருஷங்கள் இப்படித்தான் பிள்ளை பெற்றார்கள்.

பள்ளிக்கூடத்தில் 'எஸ்கிமோ' என்று படித்தோமே, அவர்கள்தான். அது பிறர் வைத்த பெயர். அவர்களில் பலருக்குப் பிடிப்பதில்லை. 'இனுயிட்' என்றால் அவர்கள் பாஷையில் 'மனிதர்கள்'.

விளக்கும் தூளியும்

அந்தக் காலத்தில் அவர்கள் வேட்டையைத் தொடர்ந்து இடம் மாறிக்கொண்டே இருந்தவர்கள். குடும்பத்தின் அடுப்பு, 'குல்லிக்' என்ற பிறை வடிவக் கல்விளக்கு. சீல் கொழுப்புதான் எண்ணெய். பாசியும் ஒருவகைப் பஞ்சும் திரி. சமைப்பது, பனியை உருக்கித் தண்ணீராக்குவது, ஈரத்துணி காய வைப்பது எல்லாம் அதில்தான். அது அணையாமல் பார்த்துக்கொள்வது வீட்டுப் பெண்ணின் பொறுப்பு.

குழந்தைக்கு? அம்மாவின் மேலங்கிதான் தூளி! 'அமாவுட்டி' எனும் அந்த அங்கியின் முதுகுப் பக்கம் ஒரு பை. அம்மாவின் உடம்புச் சூட்டிலேயே குழந்தை சுகமாகத் தூங்கும். பால் கொடுக்க வேண்டுமா? குளிர் படாமல் உள்ளுக்குள்ளேயே முன்பக்கம் நகர்த்திக்கொள்ளலாம். இன்றும் பலர் இதை உடுத்துகிறார்கள்.

பிரசவம் பார்ப்பவர்கள் அனுபவப்பட்ட பெண்கள். தொப்புள்கொடி அறுத்தவருக்கும் குழந்தைக்கும் ஆயுசு முழுக்க உறவு. பையன் முதன்முதலாக வேட்டையாடியதையும், பெண் முதன்முதலாகத் தைத்ததையும் அவருக்குத்தான் கொடுக்க வேண்டும்.

விமானப் பயணம்

1950களிலும் 60களிலும் இந்த மக்கள் ஓரிடத்தில் குடியேற்றப்பட்டார்கள். மரவீடுகள் வந்தன; நர்ஸ்கள் வந்தார்கள். காசநோயும் சிசு மரணமும் அதிகமாக இருந்த காலம், வைத்திய உதவி தேவையாகவே இருந்தது. ஆனால் 1970களில், பிரசவத்துக்கும் தெற்கே ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகவேண்டும் என்றாகிவிட்டது. ஹட்சன் விரிகுடாக் கரைப் பெண்கள் மூஸ் ஃபேக்டரிக்கும் மான்ட்ரீலுக்கும் பறந்தார்கள். சில வாரங்கள் முன்பே போய், தெரியாத மனிதர்களோடு காத்திருக்க வேண்டும். தொப்புள்கொடி அறுப்பவர் யாரோ ஒரு அந்நியர். அந்த ஆயுசு உறவுக்கு அங்கே ஏது இடம்?

பெண்கள் கேட்டார்கள்

"எங்கள் ஊரிலேயே பிள்ளை பெற வேண்டும்" என்று புவிர்நிட்டுக் கிராமத்துப் பெண்கள் கேட்டார்கள். 1986ல் அங்கே பிரசவ விடுதி திறந்தது. தெற்கிலிருந்து வந்த மருத்துவச்சிகளின் பக்கத்திலேயே இருந்து, உள்ளூர்ப் பெண்கள் தொழில் கற்றார்கள். அந்தக் கியூபெக் மாகாணம் மருத்துவச்சிகளுக்கு முழு சட்ட அங்கீகாரம் கொடுத்ததே 1999ல்தான். கிராமத்துப் பெண்கள் 13 வருஷம் முந்திவிட்டார்கள், பாருங்களேன்! பிறகு 1998ல் இனுக்ஜுவாக், 2004ல் சல்லுயிட் ஊர்களிலும் இதேபோல ஏற்பாடு.

பயமாக இருக்காதா? சிசேரியன் செய்ய அங்கே வசதி இல்லை. வெளியூர் போகச் சாலையும் கிடையாது, விமானம்தான். அதனால் ஒவ்வொரு கர்ப்பிணியைப் பற்றியும் மருத்துவச்சிகளும் டாக்டரும் நர்ஸும் கூடிப் பேசுகிறார்கள். சிக்கல் வரலாம் என்று தோன்றினால் முன்கூட்டியே மான்ட்ரீலுக்கு அனுப்புகிறார்கள். மற்றவர்களுக்கு, அதாவது பெரும்பாலானவர்களுக்கு, அங்கேயே சுகப்பிரசவம்.

வலி எடுக்கும்போது ஆறுதல் சொல்ல, தாய்மொழி பேசும் மருத்துவச்சி. வாசலில் கணவரும் பாட்டியும். இரண்டொரு நாளில் பச்சைக் குழந்தை அமாவுட்டிக்குள் ஏறி வீடு வந்து சேர்கிறது. மூத்தது ஓடிவந்து எட்டிப் பார்க்கிறது.

இதற்காகப் பிடிவாதம் பிடித்த அந்தத் தாய்மார்களை மெச்சத்தான் வேண்டும்!