தொப்பி ஏந்திய ஆசிரியர்

அமெரிக்காவில் கிரீன்பே ஒரு சின்ன ஊர். அங்குள்ள "பிரஸ் கெஜட்" பத்திரிகையில் விளையாட்டுப் பகுதி ஆசிரியராக இருந்தவர் ஜார்ஜ் கால்ஹூன்.

1919 ஆகஸ்டு 11-ந்தேதி அந்தப் பத்திரிகை ஆபீசில் இளைஞர்கள் கூடினார்கள். கால்ஹூனும், லாம்போ என்ற ஆட்டக்காரரும் கால்பந்துக் குழு தொடங்கினார்கள். பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்து அது!

சட்டை வாங்கப் பணம்? லாம்போ வேலை பார்த்த, இறைச்சியை டப்பாவில் அடைக்கும் கம்பெனி கொடுத்தது. அதனால் குழுவின் பெயர் "பேக்கர்ஸ்".

முதல் ஆண்டு டிக்கெட் கிடையாது. கால்ஹூன் தொப்பியை நீட்டுவார். ஜனங்கள் காசு போடுவார்கள்.

1921-ல் தொழில்முறைப் போட்டிகளில் குழு சேர்ந்தது. ஆனால் பண நெருக்கடி! 1923-ல் ஊர் மக்களே ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கு வாங்கிக் காப்பாற்றினார்கள்.

தனி முதலாளி இல்லாத அந்தக் குழுவுக்கு இன்று 5 லட்சத்துக்கும் அதிகமான பங்குதாரர்கள். தொப்பியில் விழுந்த சில்லறை வீண்போகவில்லை!