கிடா வாடையும் மான் வாசமும்

மானைத் தேடி யாரும் புதுமடத்துக்கு வருவதில்லை. கடலும் தென்னந்தோப்பும் பனையுமான கரை இது. ஆனாலும், மான்களின் சேர்க்கைக் காலத்தை மூக்கால் அறியப் பழக நினைப்பவர் முதல் பாடத்தை இங்கேயே படித்துவிடலாம். பக்ரீத்துக்கென்று கட்டி வளர்க்கிற கிடா ஒன்று போதும். விதையடிக்காத கிடா என்றால், அது எந்த வீட்டில் நிற்கிறது என்பதைத் தெருமுனையிலேயே சொல்லிவிடலாம்.

அந்த வாடையை அழுக்கு என்று நினைத்துத் தேய்த்துக் குளிப்பாட்டுகிறவர்கள் உண்டு. வீண் வேலை. தலையிலும் கழுத்திலும் உள்ள தோல் சுரப்பிகள் அதை ஊறவைத்துக்கொண்டே இருக்கின்றன. போதாக்குறைக்கு, பருவம் ஏறிய கிடா தன் தாடியிலும் முன்னங்காலிலும் தானே சிறுநீரைப் பீய்ச்சிக்கொள்ளும். நமக்குக் குமட்டுகிற இது பெட்டையாட்டை என்ன செய்கிறது?

டோக்கியோ பல்கலைக்கழகத்தின் யுகாரி தகெயுச்சி குழுவினர் இதைத் துருவிப் பார்த்தார்கள். வாசனையை உறிஞ்சும் பொருள் வைத்த தொப்பியைக் கிடாக்களின் தலையில் மாட்டினார்கள். தொப்பியில் சேர்ந்ததைப் பிரித்தெடுத்து, பெட்டையின் மூளை அதற்கு எப்படித் துடிக்கிறது என்று நேராகவே அளந்தார்கள். முடிவு 2014-இல் வெளியானது: 4-எத்தில்ஆக்டனால் என்ற ஒரே மூலக்கூறு, இனப்பெருக்க ஹார்மோன்களை முடுக்கிவிடும் நரம்புகளைத் தட்டி எழுப்பிவிடுகிறது. வேடிக்கை என்னவென்றால், அந்த மூலக்கூறுக்கு ஆரஞ்சுப் பழ வாசம். காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து அமிலமாக மாறிய பிறகுதான் நாம் மூக்கைப் பொத்துகிற கிடா வாடை ஆகிறது. பருவம் அடங்கிக் கிடக்கும் பெட்டைகள் நடுவே புதுக் கிடாவை விட்டால் சில நாளில் அவை பருவத்துக்கு வரும் என்பது ஆடு வளர்ப்பவர்களுக்குத் தெரிந்த சங்கதிதான். அதற்கான காரணத்தில் ஒரு பங்கு இந்த மூலக்கூறு.

பெட்டை என்ன சொல்கிறது என்பதைக் கிடா அதன் சிறுநீரில் கேட்டுக்கொள்கிறது. மோந்துவிட்டு, தலையைத் தூக்கி, மேலுதட்டைச் சுருட்டிப் பல்லிளித்து நிற்கும். சிறுபிள்ளைகள் சிரிப்பார்கள், கிடா சிரிக்கவில்லை. அதற்கு மேல்வாயில் முன்பல் கிடையாது. பல் இருக்க வேண்டிய இடத்துக்குப் பின்னால் இரண்டு நுண்துளைகள் உண்டு. எளிதில் ஆவியாகாத கனத்த மூலக்கூறுகள் அவற்றின் வழியே தனியொரு உறுப்புக்குப் போகின்றன. டென்மார்க்கின் லுட்விக் ஜேக்கப்சன் 1813-இல் விவரித்ததால் அவர் பெயராலேயே அழைக்கப்படும் உறுப்பு அது. பருவம் வந்ததா, இன்னும் நாளாகுமா என்பது அங்கே தெரிந்துவிடும். சினை பிடிக்காத பெட்டை ஏறத்தாழ 21 நாளில் மறுபடி பருவத்துக்கு வரும். புள்ளிமானுக்கும் கணக்கு கிட்டத்தட்ட மூன்று வாரம்தான். சேர்க்கைக் காலம் முடிந்துவிட்டது என்று நாம் எண்ணிய பிறகும் ஓர் ஆண் மோந்துகொண்டே அலைகிறதென்றால், முதல் சுற்றில் தப்பிய பிணை ஏதாவது இருக்கக்கூடும்.

ஆட்டிலிருந்து தொடங்கியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வெளிமான் என்றும் திருகுமான் என்றும் நாம் அழைக்கிற விலங்கு, உயிரியல்படி புள்ளிமானுக்கு நெருங்கிய உறவல்ல, ஆட்டுக்குப் பங்காளி. அதனால்தான் அதன் முறுக்குக் கொம்பு விழுந்து முளைப்பதில்லை. இந்தக் கரைக்கு வடக்கே கோடியக்கரையில் 1967-இலும், தெற்கே தூத்துக்குடி மாவட்டத்து வல்லநாட்டில் 1987-இலும் இதற்கென்றே சரணாலயங்கள் அமைந்தன.

வெளிமான் ஆணின் கண்ணோரத்தில் கரிய குழி ஒன்று உண்டு. புல்நுனியையோ குச்சியையோ அந்தக் குழியில் செருகித் தேய்த்து, பிசுபிசுப்பான சுரப்பை ஒட்டிவிட்டுப் போகும். திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் கோ. அர்ச்சுனனும் அவருடைய மாணவர்களும் வண்டலூர் உயிரியல் பூங்காவின் வெளிமான்களில் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். கூட்டத்தில் கை ஓங்கிய ஆண்தான் மற்ற ஆண்களைவிட அடிக்கடி இப்படிக் குறியிடுகிறது. காட்டில் அது இன்னொன்றும் செய்யும்: தன் எல்லைக்குள் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் புழுக்கை போட்டுக் குவிக்கும்.

பருவத்தின் கடைசியைப் படிக்க எனக்குத் தெரிந்து இந்தக் குவியலைவிட நல்ல இடமில்லை. இந்தியாவில் வெளிமான் ஆண்டு முழுவதும் ஈனும் என்றாலும், சேர்க்கை மும்முரமாவது பொதுவாக மார்ச்–ஏப்ரலிலும் ஆகஸ்ட்–அக்டோபரிலும். ஓர் ஆண் தன் எல்லையை இரண்டு வாரமும் காக்கலாம், எட்டு மாதமும் காக்கலாம். குவியலின் மேல்பரப்பில் கறுத்துப் பளபளக்கும் புதுப் புழுக்கை இருந்தால் உரிமையாளர் இன்னும் ஊரில்தான் இருக்கிறார். எல்லாமே வெளுத்து உதிர்ந்து கிடந்தால் அவர் கடையைக் கட்டிவிட்டார்.

புள்ளிமானிடம் இந்த எளிமை கிடையாது. அதன் கொம்பு ஆண்டுதோறும் விழுந்து முளைப்பது. ஆனால் எல்லா ஆண்களுக்கும் ஒரே சமயத்தில் விழுவதில்லை. கிண்டி தேசியப் பூங்காவில் ஒரே மந்தையில் முற்றிய கொம்பும், மெல்லிய தோல் மூடிய இளங்கொம்பும், மொட்டைத் தலையும் சேர்ந்து மேயலாம். ஆளுக்கொரு நாட்காட்டி! மேற்குத் தொடர்ச்சி மலையின் மிளாவோ சேறும் சிறுநீரும் கலந்த குழியில் புரண்டு எழுந்து போகும். அந்தச் சேற்றின் நெடி மனித மூக்குக்கே எட்டும்.

நம் மூக்கை நாம்தான் மட்டமாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். கலிபோர்னியாவில் நடந்த சோதனை ஒன்றில், கண்ணையும் காதையும் மூடிக்கொண்டு 32 பேர் புல்தரையில் மண்டியிட்டார்கள். தரையில் இழுத்துவிட்ட சாக்லேட் வாசத் தடத்தை அவர்களில் 21 பேர் மோந்தே பின்தொடர்ந்தார்கள். 2007-இல் வெளியான ஆய்வு இது. சிங்கப்பூருக்குப் போய்வந்த நம் ஊர்க்காரர்களைக் கேளுங்கள்: கூரையில் மரநாய் நடமாடினால் ரம்பை இலை வாசம் வரும் என்பார்கள். புலி எல்லை குறிக்கப் பீய்ச்சும் நீரில் பாசுமதி அரிசியின் மணப்பொருளே இருப்பதைக் கொல்கத்தாவின் இரதன்லால் பிரம்மச்சாரி குழுவினர் 1990-இல் எழுதினார்கள்.

ஆண்கள் இவ்வளவு வாசத்தை அள்ளி இறைக்க, பிணை அதற்கு நேர்மாறான வேலை செய்கிறது. சுமார் ஆறு மாதச் சினைக்குப் பிறகு ஈன்ற வெளிமான், குட்டியைப் புல்லுக்குள் ஒளித்துவைக்கிறது. நரியும் நாயும் மோந்து வந்துவிடாதபடி அதை நக்கித் துடைத்துவிட்டு, தானும் தள்ளிப்போய் மேய்கிறது. பால் கொடுக்கும் நேரத்துக்கு மட்டும் வரும். சரணாலய ஓரத்தில் தனியே சுருண்டு கிடக்கும் குட்டியை அநாதை என்று இரங்கித் தூக்கிவருகிறவர்கள், தாய் தேடி வரும் இடத்திலிருந்து அதைப் பிரித்துவிடுகிறார்கள். தொடாமல் விலகிவிட வேண்டும். அடிபட்டுக் கிடந்தால் வனத்துறைக்குச் சொல்ல வேண்டும்.