ஒரே கூட்டளவு, இருவேறு விடைகள்: தமிழ்நாட்டு வைட்டமின் ஏ ஆய்வும் பெல்லாஜியோ கூட்டமும்

ஆய்வுச்சுருக்கம்

1990ஆம் ஆண்டில் தமிழ்நாட்டிலிருந்தும் ஐதராபாத்திலிருந்தும் வெளிவந்த இரு கள ஆய்வுகள் வைட்டமின் ஏ குழந்தை இறப்பைக் குறைக்குமா என்னும் வினாவிற்கு நேர்மாறான விடைகளைத் தந்தன. ஆறு மாதங்களில் குழந்தை பெற்ற கூட்டளவு இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றே. அதனைப் பகிர்ந்தளித்த முறை வேறு. 1992ஆம் ஆண்டின் பெல்லாஜியோ அறிவியல் கூட்டத்திற்குப் பின் இவ்வேறுபாடு கவனம் இழந்ததை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: வைட்டமின் ஏ, ரெட்டினால், கரோட்டின், குழந்தை இறப்பு, அளிப்பு முறை

முன்னுரை

முகப்பேர், அம்பத்தூர், ஆவடி உள்ளிட்ட சென்னையின் மேற்குப் புறநகர்களிலும், தமிழகத்தின் பிற பகுதிகளிலும், அங்கன்வாடி மையங்கள் வழியாக ஆறு மாதத்திற்கு ஒருமுறை குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ திரவம் அளிக்கப்படுகிறது. ஒரு வயது நிறையாத குழந்தைக்கு 1 மி.லி., அதற்கு மேல் ஐந்து வயது வரை 2 மி.லி. இந்த 2 மி.லி. திரவத்தில் இருப்பது 2,00,000 பன்னாட்டு அலகுகள். 1970இல் நடுவணரசு இத்திட்டத்தைத் தொடங்கியபோது நோக்கம் பார்வையிழப்பைத் தடுப்பது மட்டுமே. குழந்தையின் உயிரையும் இது காக்கும் என்னும் கருத்து பின்னர் வந்தது.

ஒரு பெயரும் பல சேர்மங்களும்

வைட்டமின் ஏ என்பது தனியொரு பொருளன்று. கல்லீரல், முட்டை, பால் ஆகியவற்றில் ரெட்டினாலாகவும் அதன் எஸ்டர்களாகவும் கிடைக்கிறது. முருங்கைக்கீரையிலும் பப்பாளியிலும் முன்னோடிப் பொருளாகிய கரோட்டினாக உள்ளது. உடலில் ரெட்டினால், ரெட்டினலாக மாறி விழித்திரையில் ஒளியை உணரப் பயன்படுகிறது. ரெட்டினாயிக் அமிலமாக மாறி, உயிரணுக் கருவிலுள்ள ஏற்பிகளுடன் இணைந்து மரபணுக்களின் செயலை நெறிப்படுத்துகிறது. குடலையும் மூச்சுக்குழலையும் போர்த்தியுள்ள மேற்தோல் படலம் முறையாக உருவாவதும், தொற்றுக்கு எதிரான உடலின் மறுமொழியும் இப்பின்னைய பணியைச் சார்ந்தவை. மாலைக்கண்ணுக்கும் வயிற்றுப்போக்கு இறப்புக்கும் தொடர்பிருக்கக்கூடும் என்று கருத இடம் தருவது இதுவே.

வடிவத்தையும் அளவையும் மறந்தால் என்ன நேரும் என்பதற்குப் பின்லாந்து ஆய்வு சான்று. புகைபிடிக்கும் ஆடவர்க்கு நாளொன்றுக்கு 20 மி.கி. பீட்டா கரோட்டின் அளித்தபோது நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. 18 விழுக்காடு கூடிற்று என்று 1994இல் அறிவிக்கப்பட்டது.

இரு கள ஆய்வுகள்

இந்தோனேசியாவின் அச்சே பகுதியில் ஆல்ஃபிரட் சோமர் குழுவினர் செய்த ஆய்வு, ஆறு மாதத்திற்கு ஒருமுறை பேரளவு வைட்டமின் ஏ பெற்ற ஊர்களில் குழந்தை இறப்பு 34 விழுக்காடு குறைந்ததாக 1986இல் தெரிவித்தது. அங்குக் கட்டுப்பாட்டுக் குழுவிற்குப் போலிமருந்து தரப்படவில்லை என்பதால் ஐயங்கள் எழுந்தன.

அவ்வையங்களுக்கு இடம் தராத வகையில் தமிழகத்தில் லட்சுமி ரகமத்துல்லா, பார்பரா அண்டர்வுட் ஆகியோரின் குழு ஓர் ஆய்வை வடிவமைத்தது. பள்ளிப்பருவத்திற்கு முற்பட்ட 15,419 குழந்தைகள் ஓராண்டு பங்கேற்றனர். ஒரு குழுவிற்கு வாரந்தோறும் 8,333 அலகு வைட்டமின் ஏவும் 20 மி.கி. வைட்டமின் ஈயும், மறு குழுவிற்கு வைட்டமின் ஈ மட்டும். எக்குழந்தைக்கு எது என்பது களப்பணியாளருக்குத் தெரியாது. வாரந்தோறும் குறைந்தது 88 விழுக்காட்டுக் குழந்தைகள் நேரில் காணப்பட்டனர். மொத்தம் 125 இறப்புகள் நேர்ந்தன. வைட்டமின் ஏ பெற்ற குழுவின் இறப்பு இடர் மற்றதில் 0.46 பங்கே (நம்பக வரம்பு 0.30–0.71). மூன்று வயதிற்குட்பட்டோரும் வளர்ச்சி குன்றியோரும் மிகுந்த பயன் பெற்றனர்.

வாராவாரம் வீடு தேடிச் சென்றதே உயிர்களைக் காத்திருக்கலாமே என்று கேட்கலாம். அத்தொடர்பு இரு குழுவினருக்கும் சமமாகவே கிடைத்தது. ஆகவே குழுக்களுக்கிடையிலான வேறுபாட்டிற்கு அது காரணமாகாது. வியப்புக்குரியது வேறொன்று. அதே ஆய்வின் தரவுகளைக் கொண்டு 1991இல் வெளிவந்த கட்டுரை, வயிற்றுப்போக்கோ மூச்சுத்தொற்றோ குறையவில்லை என்றது. நோய் வந்தது, ஆயினும் இறந்தவர் பாதிக்கும் குறைவு. வைட்டமின் ஏ தொற்றைத் தடுப்பதைவிட, தொற்று உயிர்க்கொல்லியாக முற்றுவதைத் தடுக்கிறது என்று இதனைப் பொருள்கொள்வதே பொருத்தம்.

அதே 1990இல் ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் தன் ஆய்வை வெளியிட்டது. (நீலகிரியின் குன்னூரில் வளர்ந்து 1958இல் இடம்பெயர்ந்த நிறுவனம் இது.) விஜயராகவன் குழுவினர் ஆறு மாதத்திற்கு ஒருமுறை 2,00,000 அலகு அளித்தனர். இறப்பில் வேறுபாடு இல்லை.

கூட்டளவுக் கணக்கு

8,333ஐ 24 வாரங்களால் பெருக்கினால் 1,99,992. அரையாண்டில் இரு ஆய்வுகளின் குழந்தைகளும் பெற்றது ஏறத்தாழ ஒரே அளவுதான். வாரத்திற்கு 8,333 அலகு என்பது நாளொன்றுக்குச் சுமார் 357 மைக்ரோகிராம் ரெட்டினால். இவ்வயதுக் குழந்தையின் உணவிற்கு இந்தியாவில் பரிந்துரைக்கப்பட்டுவந்த 400 மைக்ரோகிராமுக்கு நெருக்கமானது. தமிழக ஆய்வு அளித்தது மருந்தளவன்று, உணவளவு என்பது இதனால் புலனாகும். ஒரே வேளையில் புகும் பேரளவில் ஒரு பகுதி உடலில் தங்காமலே வெளியேறுகிறது. வயிற்றுப்போக்குள்ள குழந்தையில் இழப்பு இன்னும் மிகுதி. தங்கிய பகுதி கல்லீரலில் சேமிக்கப்பட்டாலும், குறைபாடு மிக்க குழந்தையின் குருதியில் ரெட்டினால் உயர்வு ஆறு மாதம் நீடிப்பதில்லை.

எனினும் முழு வேறுபாட்டையும் இதன் தலையில் சுமத்துவது மிகை. அச்சேயில் பேரளவும் பயனளித்தது. ஐதராபாத்தில் இரு குழுக்களிலுமே இறப்பு குறைவு. இரு முறைகளையும் ஒரே மக்களிடையே நேருக்கு நேர் ஒப்பிட்டவையல்ல இவ்வாய்வுகள்.

பெல்லாஜியோவும் பின்னரும்

1992 பிப்ரவரியில் இத்தாலியின் பெல்லாஜியோவில் கூடிய அறிஞர்கள் அதுவரையிலான ஆய்வுகளை ஒருங்கே ஆராய்ந்து, குறைபாடுள்ள மக்களிடையே வைட்டமின் ஏ நிலையை மேம்படுத்தினால் குழந்தை இறப்பு குறையும் என்னும் ஒருமித்த கருத்தை எட்டினர். அடுத்த ஆண்டு ஜார்ஜ் பீட்டன் குழுவினரின் தொகுப்பாய்வு எட்டு ஆய்வுகளின் சராசரியாக 23 விழுக்காட்டைக் கூறியது. தமிழகத்தின் 54, ஐதராபாத்தின் சுழி ஆகிய இரண்டும் அச்சராசரிக்குள் அடங்கிப்போயின. உலகெங்கும் பரவியதோ, மலிவும் எளிமையும் கருதி, அரையாண்டுப் பேரளவு முறையே. சான்றுகளுள் மிக வலியதைத் தந்த அளிப்பு முறை நடைமுறைக்கு வரவில்லை.

உத்தரப்பிரதேசத்தில் பத்து லட்சம் குழந்தைகளிடையே அதே பேரளவு முறையைச் சோதித்த ஆய்வு 2013இல் வெளியானது. இறப்புக் குறைவு 4 விழுக்காடு. அதுவும் புள்ளியியல்படி உறுதியற்றது. 2016–18 தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பின்படி 1–4 வயதினரில் 18 விழுக்காட்டினர்க்குக் குறைபாடு உண்டு. 20 விழுக்காட்டை எட்டினால்தான் கடும் பொதுநலச் சிக்கல் என்பது உலக நல நிறுவனத்தின் வரையறை. இதனைக் காட்டி, அனைவருக்கும் பேரளவு தேவையில்லை என்போர் உளர். அவர்தம் வாதத்தில் வலு உண்டு. ஆனால் பேரளவை நிறுத்துவதும் வைட்டமின் ஏவைக் கைவிடுவதும் ஒன்றல்ல. தமிழக ஆய்வில் தன்னார்வப் பணியாளர் வாரம் ஒருமுறை குழந்தையைத் தேடிச் செல்ல வேண்டியிருந்தது. இன்று மையத்திற்கு வரும் குழந்தையை அங்கன்வாடிப் பணியாளர் வேலைநாள்தோறும் காண்கிறார், அதன் தட்டில் வாரந்தோறும் முட்டையும் வைக்கிறார். தட்டிலுள்ள ரெட்டினாலும் கரோட்டினும் அந்த 357 மைக்ரோகிராமில் எவ்வளவைத் தருகின்றன என்பதை மையவாரியாக அளந்தறிவதே முதலில் செய்ய வேண்டிய ஆய்வு. மூன்று வயதிற்குட்பட்டு மையத்திற்கு வராத குழந்தைகளைத் தனியே கணக்கிட வேண்டும், 1990இல் மிகுந்த பயன் பெற்றவர்கள் அவ்வயதினரே.